மஞ்சள் தொப்பி போட்ட எங்கள் ஆட்கள்

லண்டனுக்கு வெளியே இருக்கும் பெரிய தீம் பார்க்குகளுக்குக் கோச் பிடித்துக் குழுவாகப் போவது எப்படி, என்ன செலவாகும், எந்த நேரம் நல்லது என்று இந்தத் தளத்தில் பல பேர் கேட்டிருந்தீர்கள். போன ஜூலையிலேயே போய் வந்துவிட்டேன். எழுதத்தான் மனம் வரவில்லை. இரண்டு முறை தொடங்கி, இரண்டு முறையும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிட்டேன். இப்போது அந்தப் பயணத்துக்கு உரியவளே வாசித்துப் பார்த்து, ஒரு பத்தியை வெட்டச் சொல்லி, மிச்சத்தைப் போடலாம் என்று சம்மதம் தந்துவிட்டாள். அவளுக்கு வயது பன்னிரண்டு. என் அண்ணையின் மகள். இங்கே அவளை ஷரோன் என்று அழைக்கிறேன். அது அவளே தேர்ந்தெடுத்துத் தந்த பெயர். மற்றவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். பார்க்கின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் நடந்ததில் பார்க்கின் பிழை எதுவும் இல்லை.

ஷரோனுக்கு முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைந்து வளர்கிறது. இரண்டு வருடம் சட்டைக்குள்ளே கெட்டிப் பிளாஸ்டிக் பட்டை கட்டிப் பார்த்தார்கள். வளைவு நிற்கவில்லை. முதுகைத் திறந்து கம்பி வைத்து நிமிர்த்த வேண்டும் என்று முடிவாகி, ஒரு செவ்வாய்க்கிழமைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முந்திய சந்திப்பில் டாக்டர் அவளிடம், உனக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். அவள் கேட்ட ஒரே கேள்வி, ரோலர் கோஸ்டரில் ஏறலாமா என்பது. இப்போது ஏறலாம், ஒப்பரேசனுக்குப் பிறகு குறைந்தது ஒரு வருடம் நினைக்கவே கூடாது, அதற்குப் பிறகும் பார்த்துத்தான் சொல்வேன் என்றார் டாக்டர். எங்களுக்கு மிச்சம் இருந்தது ஒரு சனிக்கிழமை.

அந்தச் சனிக்கிழமை எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கின் தமிழ்ச் சனங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தீம் பார்க்குக்குப் போவதாக ஏற்கெனவே ஏற்பாடாகியிருந்தது. அண்ணைக்கு அன்று ஷிப்ட். அண்ணிக்கு வீட்டில் கைக்குழந்தை. எனவே மாமியான நான் கூட்டிப் போகிறேன் என்றேன். கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் அவர்கள் வீட்டுப் படியில் வைத்து ஷரோன் ஒரு நிபந்தனை போட்டாள்.

"மாமி, நான் வாறன். ஆனா அங்க ஒருத்தரும் என்ர முதுகைப் பற்றிக் கதைக்கக் கூடாது. ஒரே ஒரு நாள். ஓகே?"

"ஓம்" என்றேன். அதைக் காப்பாற்றுவது என் கையில் மட்டும் இருக்கிறதென்று நினைத்துவிட்டேன்.

கோச் காலை ஏழரைக்கு ஃபாரஸ்ட் கேட் பகுதியில் எங்கள் கோயில் வாசலிலிருந்து புறப்பட்டது. கட்டண விபரம் கேட்பவர்களுக்கு: கோச்சுக்கு ஆளுக்கு இருபது பவுண்ட், பார்க் உள்நுழைவு குழு விலையில் ஆளுக்கு முப்பத்து நான்கு. நாற்பது பேருக்கு மேல் சேர்ந்தால்தான் இந்த விலை சரிவரும். தூரம் முப்பத்தைந்து மைல் போல. சனிக்கிழமை காலை எம்25 நெடுஞ்சாலையில் ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. சாரதி ஒரு போலந்துக்காரர், நல்ல மனிதர், பொரித்த ரோல்ஸ் வாசனை வந்ததும் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். உள்ளே சாப்பிடக் கூடாது என்று அறிவித்தல் ஒட்டியிருந்தது. ரோல்ஸ் ஒன்று அவர் கைக்குப் போன பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஏறும்போதே எல்லோருக்கும் ஒரு மஞ்சள் தொப்பி தரப்பட்டது. கூட்டத்தில் பிள்ளைகள் தொலையாமல் இருக்க இது நல்ல யோசனை, நீங்களும் செய்யுங்கள். தொப்பி கொடுத்தவர் பிரான்சிஸ் அண்ணை. எங்கள் பங்கில் எந்தப் பயணம் என்றாலும் ஒழுங்கு செய்வது அவர்தான். மன்னார்க்காரர், உரத்த குரல், கணக்கு வழக்கில் சுத்தமான ஆள். கோச் பெரிய வீதிக்கு ஏறியதும் வழமைபோல மைக்கைப் பிடித்தார். எங்கள் பயணங்கள் செபமாலையோடுதான் தொடங்கும்.

"எல்லாரும் சிலுவை அடையாளம் போடுங்கோ. இண்டைக்குச் செபமாலையில முதல் பத்து மணியை எங்கட ஷரோன்ர முதுகு ஒப்பரேசனுக்காக ஒப்புக்குடுப்பம். செவ்வாய்க்கிழமை பிள்ளைக்குப் பெரிய ஒப்பரேசன். எல்லாரும் உருக்கமா வேண்டுங்கோ."

கோச்சில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. பின் இருக்கையிலிருந்து ஒரு கை வந்து அவள் கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகைத் தடவியது. "ஐயோ, பாவம் பிள்ளை" என்றது ஒரு குரல். அது றெஜினா அக்காவின் குரல். வடக்கு லண்டன் எட்மண்டனுக்கு வீடு மாறிப் போன பிறகும் இரண்டு பஸ் மாறி எங்கள் தமிழ்ப் பூசைக்கே வருகிறவர். விடியற்காலையில் அலுவலகம் துப்புரவாக்கும் வேலை, பகலில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறை. இரண்டு பிள்ளைகள். யாருக்கு வருத்தம் என்றாலும் முதலில் சூப் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவர்தான். இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், பிறகு சொல்ல எனக்கு மனம் வராமல் போகலாம்.

ஷரோன் ஹூடியின் தலைப்பகுதியை மஞ்சள் தொப்பிக்கு மேலே இழுத்துவிட்டாள்.

"எப்பிடி மாமி இவைக்குத் தெரியும்?"

"போன பூசையில மன்றாட்டில உன்ர பேரும் வாசிச்சவை."

"ஆர் பேர் குடுத்தது?"

"அம்மா."

செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் முடியும்வரை கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே வந்தாள். நான் செபமாலை சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். வாய்தான் சொன்னது.

ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வாயில் பத்து மணிக்குத் திறக்கும். அதற்குள்ளேயே சனம் நெருங்கி நின்றது. கூட்டமான இடங்களுக்கு நான் நிறையப் போயிருக்கிறேன். ஆனால் பெற்றோர் நிரம்பிய கூட்டம் வேறு சாதி. தனியாக வந்தால் "சொறி" சொல்லி விலகும் மனிதர், ஒரு பிள்ளையின் கையைப் பிடித்ததும் எங்கிருந்தோ ஒரு அதிகாரம் பெற்றுக்கொள்கிறார். வாயில் திறந்ததும் ஒரு வெள்ளைக்காரத் தகப்பன் தள்ளுவண்டியால் என் குதிக்காலை இடித்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார். வண்டிக்குள் குழந்தையே இருக்கவில்லை, பை மட்டும்தான் இருந்தது. இன்னொரு தாய் தன் இரண்டு மகன்மாரையும் முன்னால் தள்ளிவிட்டு, "எனது பிள்ளைகள் உள்ளே போய்விட்டார்கள், விடுங்கள்" என்று கத்திக்கொண்டு அந்த இடைவெளியில் நுழைந்தார். உயரம் பார்க்கும் கோலருகே ஒரு மனிதர் பதினெட்டு வயதுகூட இராத ஊழியப் பெண்ணைப் பார்த்து, உனக்கு அளக்கத் தெரியுமா என்று ஐந்து நிமிடம் சண்டை பிடித்தார். அவருடைய மகன் சப்பாத்துக்குள்ளே மடித்து வைத்த கடதாசி வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சின்னவனுக்குத் தகப்பனைவிட வெட்கம் தெரிந்திருந்தது, தலை நிமிரவே இல்லை.

இவற்றையெல்லாம் பார்த்து நான் வழக்கம்போல ஷரோனின் காதுக்குள் நக்கல் அடித்துக்கொண்டே நடந்தேன். அவள் மெல்ல மெல்லச் சிரிக்கத் தொடங்கினாள். காலையில் இரண்டு சின்ன ரைடுகள் ஏறினோம். பன்னிரண்டே காலுக்குப் பெரிய ரோலர் கோஸ்டரின் வரிசையில் போய் நின்றோம். பலகையில் தொண்ணூறு நிமிடம் என்று போட்டிருந்தது. "நிப்பமா?" என்றேன். "கட்டாயம் நிக்கோணும்" என்றாள். உயரக் கோலில் நேராக நிமிர்ந்து நின்றாள். எவ்வளவு நிமிர முடியுமோ அவ்வளவு. கோலைத் தாண்டியிருந்தாள்.

எங்களுக்குப் பின்னால் ஒரு தகப்பனும் ஏழெட்டு வயது மகளும். மகளிடம் அவர் பேசிய தமிழைக் கேட்டதும் தமிழ்நாட்டுக்காரர் என்று தெரிந்தது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, அதோடு விட்டுவிட்டோம். ஷரோனும் நானும் பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். அரை மணித்தியாலம் போன பிறகு, வரிசை தந்த சலிப்பிலோ என்னவோ, அவளே வாய் திறந்தாள். மயக்க ஊசி போட்டால் கனவு வருமா, முதுகில் தையல் எவ்வளவு நீளம் இருக்கும், கம்பி வைத்தால் குனிந்து சப்பாத்துக் கட்ட ஏலுமா. மூன்று மாதமாக வீட்டில் ஒருவரிடமும் கேட்காத கேள்விகள். நான் தெரிந்ததற்குப் பதில் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். அந்த வரிசை எனக்கு நீளமாகவே தெரியவில்லை.

இருபது பேருக்கு முன்னால், வளைவில், பிரான்சிஸ் அண்ணையின் மஞ்சள் தொப்பி தெரிந்தது. தனியாக நின்றார். ஏன் தனியாக நிற்கிறார் என்பது எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மடு மாதா கோயில் திருவிழாவுக்கு ஓராள் முன்கூட்டியே போய்ப் பாய் விரித்து வைப்பார், பின்னால் மூன்று குடும்பம் வந்து இறங்கும். கோயில் விருந்தில் ஒரு கைப்பை ஐந்து கதிரைகளைப் பிடித்து வைத்திருக்கும். ஓராள் நின்றால் எல்லோரும் நின்ற மாதிரி. அதை எங்களில் ஒருவரும் களவு என்று நினைப்பதில்லை, ஒற்றுமை என்றுதான் நினைக்கிறோம்.

ஒன்றேகாலுக்கு அவர்கள் வந்தார்கள். பதினான்கு பேர். சாப்பிட்டு, கை கழுவி, ஆறுதலாக. முன்னால் றெஜினா அக்கா. "எக்ஸ்கியூஸ் மி, மை ஃபேமிலி இன் ஃபுரொன்ட்" என்று சொல்லிக்கொண்டே பிள்ளைகளை ஒவ்வொருவராக முன்னால் விட்டார். "போங்கோ, போங்கோ, சின்னப் பிள்ளையளை ஒருத்தரும் ஒண்டும் சொல்ல மாட்டினம்." பிள்ளைகள் கம்பிக்குக் கீழே குனிந்து போனார்கள். தாய்மாரும் தகப்பன்மாரும் அவர்களைப் பிடிக்கப் போவது போலப் பின்னால் போனார்கள். எங்களைக் கடக்கும்போது றெஜினா அக்கா ஷரோனின் கையைப் பிடித்தார்.

"வாம்மா, எங்களோட முன்னுக்கு வா. நீ இவ்வளவு நேரம் நிக்கக் கூடாதெல்லோ."

ஷரோன் கையை இழுத்துக்கொண்டாள். "நான் இங்க நிக்கிறன், அன்ரி."

பின்னால் நின்ற தமிழ்நாட்டுக்காரர் என்னைப் பார்த்து, கோபப்படாமல்தான் கேட்டார். "ஏங்க, அவங்க உங்க ஆளுங்களா?"

என் தலையிலும் மஞ்சள் தொப்பி இருந்தது. "ஓம்" என்றேன். "எங்கட ஆக்கள்தான்." சொல்லும்போது முகம் சுட்டது.

வளைவுக்குப் போனதும் மற்றவர்கள் விடவில்லை. ஒரு பெரிய உடம்புக்காரர் கையைக் குறுக்கே வைத்துவிட்டார். தலைக்குப் பட்டுத் துணி கட்டிய ஒரு கறுப்பினத் தாய், என் பிள்ளையும் ஒரு மணித்தியாலம் நிற்கிறாள், உங்கள் பிள்ளையின் கால் மட்டும்தான் காலா என்று கேட்டார். கேள்வி நியாயமானது. சத்தம் கூடியது. ஊழியப் பையன் ஒருவன் வானொலிக் கருவியோடு வந்தான். எல்லோரும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்று தாழ்மையாகத்தான் சொன்னான். நான் மனதுக்குள், போங்கள் அக்கா, இதோடு போய்விடுங்கள் என்றேன்.

றெஜினா அக்கா போகவில்லை. திரும்பி, கையை நீட்டி, ஷரோனைக் காட்டினார். அவருடைய ஆங்கிலம் உடைந்த ஆங்கிலம், ஆனால் அன்று எல்லோருக்கும் விளங்கியது. அந்தப் பிள்ளைக்கு வருத்தம், செவ்வாய்க்கிழமை முதுகை வெட்டி ஒப்பரேசன், அவள் நிற்கக் கூடாது, நாங்கள் எல்லோரும் அவளுடைய குடும்பம், அவளுக்காகத்தான் வந்தோம். பிரான்சிஸ் அண்ணையும் வளைவிலிருந்து தலையாட்டினார்.

அவ்வளவு சனமும் திரும்பிப் பார்த்தது. முகத்தை அல்ல, முதுகை. மனிதர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள் போல, எங்கே என்று தேடி. கையைக் குறுக்கே வைத்த மனிதர் கையை எடுத்துவிட்டார். பட்டுக் கட்டிய தாய் வாயில் கையை வைத்துக்கொண்டார். எங்களுக்கு முன்னால் நின்றவர்கள் பக்கவாட்டில் ஒதுங்கி வழி விட்டார்கள். எவ்வளவு நல்ல மனிதர்கள். அந்த வழியைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில். காலையில் வீட்டுப் படியில் ஒரு நாள் மட்டும் என்று கேட்ட பிள்ளை, அந்த வழியின் இந்தப் பக்கத்தில் அசையாமல் நின்றாள்.

பையன் எங்களிடம் வந்தான். குனிந்து, மிக மென்மையாக, நீ அந்தக் குழுவோடு வந்தவளா, உனக்கு உதவி ஏதும் வேண்டுமா என்று அவளிடம் கேட்டான்.

ஷரோன் தன் மஞ்சள் தொப்பியைக் கழற்றினாள். அதை மடித்துப் பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்தாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள், தெளிவான ஆங்கிலத்தில், வளைவு வரை கேட்கும்படி. அவர்கள் சொல்லும் பிள்ளை நான் இல்லை. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்களை எனக்குத் தெரியாது.

பையன் என்னைப் பார்த்தான். என் தலையில் இருந்த தொப்பியையும் பார்த்தான். "இவள் என்னோடு வந்தவள்" என்றேன். "எங்கள் முறை வரும்வரை இங்கேயே நிற்கிறோம்." அதில் பொய் எதுவும் இல்லை. அவன் தலையாட்டிவிட்டுப் போனான். பின்னால் நின்ற தமிழ்நாட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும். அரை மணித்தியாலம் அவர் காதுக்குப் பக்கத்தில்தானே தையலின் நீளத்தைப் பற்றிப் பேசினோம். அவருடைய மகள் நிமிர்ந்து, "அப்பா, அந்த அக்கா தானே..." என்று தொடங்கினாள். அவர் அவள் தோளில் கையை வைத்து, "நேரா பாரும்மா" என்றார்.

பதினான்கு பேரும் திரும்பி வந்தார்கள், கடைசிக்குப் போவதற்காக. இந்த முறை ஒருவரும் வழி விடவில்லை, ஒவ்வொருவரையும் இடித்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. பிரான்சிஸ் அண்ணையும் தன் இடத்தை விட்டுவிட்டு அவர்களோடு வந்தார், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. றெஜினா அக்கா என் முன்னால் நின்றார்.

"எங்களைத் தெரியாதெண்டு சொல்ல வைச்சிட்டீர் என்ன? ஒரு பிள்ளையைப் பெத்திருந்தால் உமக்குத் தெரிஞ்சிருக்கும், பிள்ளையளுக்காக ஆக்கள் என்னென்ன செய்ய வேண்டிக் கிடக்கெண்டு."

எனக்குப் பிள்ளைகள் இல்லை. ஏன் இல்லை என்பது எங்கள் பங்கில் எல்லோருக்கும் தெரிந்த கதை. வாயாடி என்று பெயர் எடுத்தவள் நான். அன்று தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். ஷரோன்தான் என் கையைப் பிடித்தாள்.

ஒன்று ஐம்பத்தைந்துக்கு ஏறினோம். ரைடைப் பற்றி எழுதாமல் விட்டால் நீங்கள் கோபிப்பீர்கள். மேலே ஏற எடுக்கும் நேரம்தான் பயம், உச்சியில் நிற்கும்போது தூரத்தில் மரங்களும் நெடுஞ்சாலையும் தெரியும், பிறகு ஒன்றும் தெரியாது. முழுவதும் இரண்டு நிமிடம் வராது. நான் தேவமாதாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். ஷரோன் கத்தவில்லை, கண்ணை மூடவும் இல்லை. இறங்கிப் படியில் வரும்போது சொன்னாள்.

"மாமி, அவ்வளவு நேரமும் முதுகு எண்டு ஒண்டு ஞாபகமே வரேல்லை."

வெளியே வந்ததும் தமிழ்நாட்டுக்காரர் மகளோடு கடந்து போனார். ஷரோனிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஷரோன் தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போன நேரத்தில் என்னிடம் மட்டும், "நல்லபடியா நடக்குங்க" என்றார். அந்த மனிதரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

இரண்டரைக்கு மேல் காற்று எழும்பி மழை தொடங்கியது. மூன்று மணிக்குப் பெரிய ரோலர் கோஸ்டரை நிறுத்தினார்கள், அன்று பிறகு திறக்கவில்லை. எங்கள் பதினான்கு பேரும் அப்போதும் ஏறாமல் வரிசையில்தான் நின்றார்கள். அவர்களில் எட்டுப் பேர் பிள்ளைகள். றெஜினா அக்காவின் மகள் மழைக்கோட்டுக்குள் தேம்பித் தேம்பி அழுவதைக் கூரைக்குக் கீழே நின்று ஷரோனும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

"என்னாலதானே மாமி அவையள் ஏறேல்லை?"

"இல்லை" என்றேன். "மழையால. அதோட அவையின்ர அம்மா அப்பாமாரால." அவள் அதை நம்பினாளோ தெரியாது. நான் சொன்னது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அழுதது அந்த அம்மா அப்பாமார் அல்ல.

ஐந்தரைக்குக் கோச் புறப்பட்டது. காலையில் கைமாறிக் கைமாறி வந்த ரோல்ஸ் இப்போது எங்கள் இருக்கையைத் தாண்டிப் போனது. மஞ்சள் தொப்பிகள் எல்லாம் நனைந்து இருக்கைகளின் மேல் கிடந்தன. திரும்பும் வழியில் எப்போதும் நன்றிச் செபமும் ஒரு பத்து மணியும் சொல்வோம். பிரான்சிஸ் அண்ணை மைக்கைக் கையில் எடுத்தார், எங்கள் பக்கம் பார்த்தார், திரும்ப வைத்துவிட்டார். வண்டிக்குள் வைப்பர் சத்தம் மட்டும்தான். டார்ட்ஃபோர்ட் சுரங்கப்பாதை தாண்டும் வரை ஷரோன் தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"மாமி" என்றாள். "இனி எனக்காக இவையள் வேண்ட மாட்டினமோ?"

காலையில் அந்தச் செபத்தைக் கேட்டுத் தலையை மூடிக்கொண்ட பிள்ளைதான். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. "நான் வேண்டுவன்" என்றேன். அது போதாது என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

இனி, போக நினைப்பவர்களுக்குச் சில விடயங்கள். பெரிய ரைடுக்கு வாயில் திறந்ததும் நேரே போங்கள், பத்தரைக்கு வரிசை பாதிதான் இருக்கும். நாங்கள் செய்த பிழை மதியத்துக்கு விட்டது. தனியாக ஏறச் சம்மதமென்றால் அதற்கு வேறு வரிசை இருக்கும், விரைவாக நகரும். உணவு கொண்டுபோகலாம். ஜூலை என்றாலும் மழைக்கோட்டு வேண்டும். வருத்தமுள்ள பிள்ளையைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் முதலில் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், எங்கள் டாக்டர் சொன்னதை வைத்து நீங்கள் முடிவெடுக்க வேண்டாம். நிற்க ஏலாத பிள்ளைகளுக்கு அநேகமான பார்க்குகளில் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி அட்டை எடுக்கலாம். சத்தமில்லாமல் ஊழியரிடம் காட்டினால் போதும், வரிசை முழுவதற்கும் அறிவிக்கத் தேவையில்லை. ஷரோனுக்கும் அதை எடுத்துத் தரவா என்று நான் கேட்டிருந்தேன். எல்லோரையும் போல நிற்க வேண்டும் என்றாள்.

குழுவாகப் போகிறவர்கள் வரிசைக்கும் குழுவாகப் போங்கள். இதை எழுதினால் எங்கள் ஆட்களில் சிலர் கோபிப்பார்கள். கோபிக்கட்டும். யுத்த காலத்து அகதி முகாமில் தண்ணீருக்கு வாளியோடு நின்றவர்கள் நாங்கள். கடைசியில் நிற்பவருக்குக் கிடைக்காது என்பதை அங்கே படித்தோம். றெஜினா அக்காவும் அந்த வரிசைகளில் நின்றவர்தான், அப்போது அவருக்கு இடுப்பில் ஒரு பிள்ளை. அது இப்போது இந்த உலகத்தில் இல்லை. இது எனக்குத் தெரியும், அன்று அந்த வளைவில் நின்றபோதும் தெரியும். அதனால் என் கோபம் குறைந்தது என்று சொன்னால் பொய். வேறொரு பிள்ளையின் முதுகை நுழைவுச்சீட்டாகக் காட்ட அது காரணமாக முடியாது என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

ஒப்பரேசன் செவ்வாய்க்கிழமை ஏழு மணித்தியாலம் எடுத்தது. நல்லபடியாக முடிந்தது. வியாழக்கிழமை பின்னேரம் அண்ணி வீட்டுக்குப் போக, நான் அவளோடு இருந்தேன். தேநீர் எடுக்க வெளியே வந்தபோது வார்டுக் கதவுக்கு வெளியே, தாழ்வாரக் கதிரையில், மடியில் ஒரு சூப் பிளாஸ்கோடு றெஜினா அக்கா இருந்தார். வேலை உடுப்பு. என்னைக் கண்டதும் எழும்பினார்.

"எப்ப வந்தனீங்கள் அக்கா?"

"மூண்டு மணிக்கு." அப்போது ஐந்தாகப் போகிறது.

"உள்ள வந்திருக்கலாமே. ரெண்டு பேர் நிக்கலாம்."

"நேர்சும் அப்பிடித்தான் சொன்னவ." பிளாஸ்கின் மூடியைத் திருகித் திருகி இறுக்கினார். "நேற்றுக் கோயில்ல செபமாலை. நான் பிரான்சிஸ் அண்ணையிட்டச் சொன்னனான், பேர் சொல்ல வேண்டாமெண்டு. ஒரு பிள்ளைக்காக எண்டு மட்டும் சொல்லி வேண்டினனாங்கள். எல்லாரும்தான்." பிளாஸ்கை மற்றக் கைக்கு மாற்றினார். "உமக்கு நான் சொன்ன கதை சொல்லக் கூடாத கதை."

நான் தலையாட்டினேன். பரவாயில்லை என்று சொல்ல வரவில்லை. பரவாயில்லை என்றாகிவிடவும் இல்லை.

"ஒருக்கா உள்ள போய்க் கேட்டுச் சொல்லும். நான் வரலாமோ எண்டு. வேண்டாமெண்டால் சூப்பை மட்டும் குடுத்துவிடும், நான் போறன்."

எட்மண்டனிலிருந்து வந்து, இரண்டு மணித்தியாலம் கதவுக்கு வெளியே இருந்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் அனுமதியைக் கேட்கிறார். நான் உள்ளே போய்ச் சொன்னேன். ஷரோன் மல்லாந்து படுத்திருந்தாள், முதுகு கட்டிலோடு, ஒருவருக்கும் தெரியாமல். அந்தச் செபத்தைப் பற்றியும் சொன்னேன். கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பேர் சொல்லேல்லையாமோ?"

"இல்லையாம்."

"ஆனா எனக்காகத்தான் வேண்டினவை?"

"ஓம்."

கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் கிடந்த என் பையைக் கண்ணால் காட்டினாள்.

"அதை எடுங்கோ மாமி" என்றாள். "அவ வந்து இருக்கட்டும்."